துரை வீட்டு மீன்களும் என் விராலும்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்று எங்கள் பெரியப்பா சொல்வார். பெரியவர்கள் முன் நான் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தது நான் கொண்டுபோன மீன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, தலையும் நரைத்துவிட்டது. ஆனால் அன்று நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை என்பதை மட்டும் என் குடும்பத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. நல்ல நாள் பெரிய நாளில் நாலு பேர் கூடினால் போதும், யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். இப்போது எழுதியே தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் தண்ணீரில் மீன் இருந்தால் அது எதற்காக இருக்கும்? சாப்பிடத்தானே?

சுதந்திரம் வந்த புதிது அது. திருவொற்றியூரில் பெரியப்பா நடத்திய மொத்தக் கடையில் நான் இருந்தேன். புளி, வெல்லம், கருப்பட்டி வியாபாரம். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், கடலுக்கு எட்டாத ஊர். மீன் என்றால் எங்களுக்கு விரால், கெளுத்தி, அயிரை, கெண்டை, அவ்வளவுதான். எல்லாம் குளத்திலிருந்து துள்ளிக்கொண்டே வீட்டுக்கு வரும். சென்னைக்கு வந்தபிறகுதான் வஞ்சிரம், வவ்வால், சங்கரா, சீலா என்று கடற்கரையில் குவித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். பெரியப்பா எத்தனையோ வருஷம் அந்தக் கடலோரத்திலேயே குடியிருந்தும் கடல் மீனை மனதார ஒப்புக்கொள்ளவில்லை. "கரைக்கு வரும்போதே செத்துப்போயி வாரது என்னல மீனு?" என்பார். (வறுத்து வைத்தால் மட்டும் இரண்டு துண்டு கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.)

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகும்போது பழம், பூவோடு உயிருள்ள மீன் ஒன்றும் கொண்டுபோக வேண்டும். செத்த மீனை எவன் வேண்டுமானாலும் கொண்டுவருவான், உயிரோடு கொண்டுவருகிறவன்தான் பெண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்வான் என்பது கணக்கு. அந்த மீனை மாப்பிள்ளை தன் கையாலேயே பெண் வீட்டுத் தண்ணீரில் விடவேண்டும். பேச்சு நல்லபடி முடிந்ததும் அதையே குழம்பு வைத்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதன்பிறகு யாரும் பேச்சு மாறக் கூடாது.

எனக்கு அதற்கு முன் பார்த்த இடங்கள் எதுவும் அமையவில்லை. ஒரு வீட்டில் என் உயரம் போதாது என்றார்கள். இன்னொரு வீட்டில் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. இந்த முறை பார்க்கப்போனது ராயபுரத்தில் ஞானமுத்து என்பவரின் மகள் எஸ்தரை. அவளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ராயபுரத்துச் சர்ச்சில் ஒரு கல்யாணத்தில் பாடகர் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கடையில் வெல்லம் கேட்டவர்களுக்குப் புளி நிறுத்துக்கொண்டிருந்தேன். இவள் இல்லை என்று ஆகிவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்ற முடிவில் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விராலை நானே வாங்கினேன். செங்குன்றம் ஏரியில் பிடித்தது. என் முழங்கையைவிட நீளம், கரேலென்று இருந்தது. மீன்காரம்மா அதைத் தூக்கிக் காட்டி, "இத்த எப்பவும் மூடியே வை நைனா. பொல்லாத சாதி" என்றாள். மீன் தானே, என்ன பெரிய பொல்லாப்பு என்று சிரித்துக்கொண்டே வாங்கிவந்தேன். பெரியப்பா அதைக் கடைக்குப் பின்னால் தொட்டியில் விட்டு, விருந்து மீனுக்கு வயிறு சுத்தமாக இருக்கவேண்டும், ஒரு பருக்கைகூடப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஆக, வெள்ளிக்கிழமையிலிருந்து அது பட்டினி. இதையும் என் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிளம்பினோம். பித்தளைத் தவலையில் மீன், மேலே ஈரத் துணி, அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு புதுச் சட்டையில் நான், பக்கத்தில் பெரியப்பா. குதிரை வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது உள்ளேயிருந்து வாலால் ஓர் அடி விழும், தண்ணீர் என் சட்டைமேல் தெறிக்கும். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் நான் முக்கால்வாசி நனைந்துவிட்டேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, உள்ள எதுனா பேய் கீய் புட்ச்சி வெச்சிகீறியா?" என்று கேட்டார். பெரியப்பா அவரிடம் எங்கள் வழக்கத்தை முழுதாக எடுத்துச் சொன்னார். வண்டிக்காரர் அதற்குப்பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஞானமுத்துவும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே ராயபுரம் வந்துவிட்ட குடும்பம். பேச்சில் ராயபுரம் ஏறி, ஊர் வழக்கமெல்லாம் இறங்கிவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு எங்களை வரவேற்றார். உட்கார்ந்த உடனேயே துரை பேச்சை ஆரம்பித்துவிட்டார். துரை லீவில் சீமைக்குப் போயிருக்கிறார், வருகிற வாரம் கப்பலில் வந்து இறங்குகிறார், தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாக இருக்கிறது, துரை வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் அது இவருக்குத்தான். "துரைக்கு நம்ம மேல தனி நம்பிக்கை. உசிரையே நம்மகிட்ட குட்த்துட்டு போயிகீறாரு" என்றார். என்ன உயிர் என்று அப்போது கேட்டிருக்கலாம். பெரியப்பாவுக்குத் துரை எதற்கு? அவர் தவலையைக் காட்டி என் காதருகில், "ஏலே சாமு, சகுனம் தப்பாம காரியத்த முடி. கை கால் கழுவுற சாக்குல உள்ள போயி, தண்ணி எங்கன இருக்குன்னு பாத்து விட்டுட்டு வா" என்றார்.

தவலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஓர் அறை. அங்கே ஜன்னல் வெளிச்சத்தில், தேக்கு மேஜைமேல் அது இருந்தது. நாலு பக்கமும் கண்ணாடி. அடியில் வெள்ளை மணல், பச்சைப் பாசி, குட்டியாக ஒரு மண் பாலம். கண்ணாடியில் இப்படி ஒரு தொட்டியை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. உள்ளே மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

தவலையை டக்கென்று தரையில் வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுத் தண்ணீரில் உயிரோடு மீன் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு யாரோ சம்பந்தம் பேச வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. தொட்டி நிறைய மீன். எஸ்தருக்கு ஊரே வரிசையில் நின்றிருக்கிறது.

கிட்டப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பளபளவென்று செக்கச்செவேலென்று சில மீன்கள் இருந்தன. சங்கராக் குஞ்சுகள் என்று எடுத்துக்கொண்டேன். இதைக் கொண்டுவந்தவன் காசிமேட்டுக்காரனாக இருக்கவேண்டும், கையில் காசு கம்மி. பொடிப்பொடியாக வாலில் மட்டும் கலர் அடித்த மீன்கள், நம்ம ஊர் அயிரை அளவுகூட இல்லை. இதையும் ஒருவன் சம்பந்தம் பேச எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான், எவ்வளவு கஞ்சனாக இருப்பான் என்று அவன்மேல் கோபமே வந்தது. தட்டையாக, முக்கோணமாக, நீளத் துடுப்புகளோடு கோடு போட்ட மீன்கள் ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அவை வவ்வால் குட்டிகள். இங்கேதான் நான் ஆடிப்போனேன். கடல் வவ்வாலை உயிரோடு இத்தனை தூரம் கொண்டுவருகிறவன் சாமானியன் அல்ல. துறைமுகத்தில் பெரிய கை. அவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

(தங்க மீன், கப்பி, ஏஞ்சல் என்று அவற்றுக்குப் பெயர் இருப்பதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. தெரிவித்த விதம்தான் சரியில்லை.)

ஆனால் ஒன்று. எவன் மீனும் என் மீன் அளவு இல்லை. அந்தத் தொட்டியில் இருந்ததையெல்லாம் சேர்த்து நிறுத்தாலும் என் விரால் பக்கம்தான் தராசு சாயும். அந்த ஒரு தைரியத்தில், கர்த்தரை மனதில் நினைத்து, ஈரத் துணியை அவிழ்த்து, என் கையாலேயே விராலைத் தூக்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டேன்.

கொஞ்ச நேரம் அது அடியில் அசையாமல் கிடந்தது. மற்ற மீன்களெல்லாம் ஓடிப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டன. பிறகு விரால் மெதுவாக மண் பாலத்துக்குக் கீழே போனது. என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை. ஒரு சிவப்பு மீன் இருந்த இடத்தில் இல்லை.

திடுக்கிட்டுப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது இன்னொன்றும் இல்லை. விரால் வாயை மூடிக்கொண்டு ஒன்றுமே தெரியாத மாதிரி மிதந்துகொண்டிருந்தது. பெண் வீட்டில் வைத்து அடுத்தவன் கொண்டுவந்த மீனை நம் மீன் தின்னலாமா, வழக்கத்தில் அதற்கு இடம் உண்டா, யாரிடம் கேட்பது? உள்ளே கையை விடலாமா என்றால் அதன் பல்வரிசை ஞாபகத்துக்கு வந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் பொடி மீன்கள் மொத்தமாகக் காலி. அப்புறம் அது வவ்வால் பக்கம் திரும்பியது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் வவ்வால் போனபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. துறைமுகத்துப் பெரிய கை ஒழிந்தான்.

அப்போதுதான் கொல்லைப்புறக் கதவு வழியாக எஸ்தர் உள்ளே வந்தாள். கையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் நெளிந்துகொண்டிருந்த மண்புழுக்கள். என்னைப் பார்த்தாள், தவலையைப் பார்த்தாள், கடைசியில் தொட்டியைப் பார்த்தாள்.

"இது இன்னா?" என்று கேட்டாள்.

"விரால்" என்றேன். என் வருங்கால மனைவியிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"யாரு வுட்டது?"

நான்தான் என்று சொல்லி, எங்கள் வழக்கத்தைச் சுருக்கமாக விளக்கினேன். அவள் கண் தொட்டியைவிட்டு நகரவில்லை. "எத்தினி நாளா பட்டினி?" என்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்து என்றேன். அவள் கொட்டாங்கச்சியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். கூச்சல் போடவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை. விரால் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தேற்றுகிற மாதிரி, முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த மீனெல்லாம் ரொம்பச் சின்னது, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். அவள் திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் கண் கலங்கினேன்.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. "வாங்கோ, துரையோட மீனுங்கள காட்றேன்" என்று ஞானமுத்துவின் குரல் கேட்டது. துரையின் மீன்கள் என்றதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துரையும் பெண் கேட்டு வந்தாரா?

ஞானமுத்து பெரியப்பாவோடு உள்ளே வந்து தொட்டிக்கு முன் நின்றார். வலது கையை நீட்டிக் காட்டப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பிறகு விராலைப் பார்த்து, வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்நிய ஆளைப் பற்றிக் கேட்பது போல மெல்லிய குரலில், "இது யாரு?" என்று கேட்டார்.

"நம்ம விரால்" என்றார் பெரியப்பா பெருமையாக. "பய கையாலேயே விட்டிருக்கான்."

"இதுல இருந்த மீனுங்க?"

பதில் விரால் வாயில் இருந்தது. கடைசித் தங்க மீனின் வால் நுனி சிவப்பாக அதன் உதட்டோரம் துடித்துக்கொண்டிருந்தது.

துரையின் உயிர் அதுதான் என்று எனக்கு விளங்கிய நேரம் அது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் அதிர்ச்சியை நான் அனுபவித்ததில்லை. சீமைக்குப் போகுமுன் துரை தன் பங்களாவிலிருந்து அனுப்பிவைத்த மீன்கள். அவற்றை நம்பித்தான் தலைமைக் குமாஸ்தா நாற்காலி, அந்த நாற்காலியை நம்பித்தான் எஸ்தர் கல்யாணம்.

ஞானமுத்து கோட்டோடு முழங்கைவரை தொட்டிக்குள் கையை விட்டார். விராலின் வாலைப் பிடித்து வெளியே இழுத்தார். தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினார். "குடு, குட்த்துடு" என்று அதனிடம் கெஞ்சினார். விரால் என்ன, பிடித்த கையில் நிற்கிற மீனா? ஒரே திமிறல். அவர் கன்னத்தில் வாலால் ஓர் அடி வைத்துவிட்டு முன்னறைக்குத் துள்ளியது. அங்கே எஸ்தரின் அம்மா பலகாரத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். அவர் அலறிய அலறலில் அதிரசம் எல்லாம் தரையில் உருண்டன. விரால் நாற்காலிக்கடியில் போயிற்று, ஞானமுத்து நாற்காலிக்கடியில் போனார். பெரியப்பா தோள் துண்டை உருவி வலை மாதிரி வீசினார். அது ஞானமுத்துவின் தலையில் விழுந்தது. நான் என்ன செய்தேன் என்றால், சுவரோரப் பெஞ்சில் ஏறி நின்றேன். (இதையும் விடாமல் சொல்லுவார்கள்.)

கடைசியில் எஸ்தரின் அம்மா பலகாரத் தட்டாலேயே அதைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார். அப்போது விரால் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து அந்தத் தங்க மீன் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. வாலில் பாதி இல்லை, ஆனால் உயிர் இருந்தது. அம்மா அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, வட்டமாக நீந்தியது. "பாக்கியம் பண்ணது" என்றார் அம்மா. அன்றிலிருந்து அதற்குப் பாக்கியம் என்றே பெயராகிவிட்டது.

ஞானமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்காகப் பெரியப்பா பேச ஆரம்பித்தார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"மீன எதுக்கு வளக்கிய?"

"பாக்கறதுக்கு."

"பாத்து?"

"பாத்துகினே இருக்கறதுக்கு."

பெரியப்பாவின் முகத்தில் தெரிந்த அதிர்ச்சி ஞானமுத்துவின் அதிர்ச்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. சோற்றுக்கு ஆகாத மீனுக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு மேஜை, இவர்கள் என்ன மனிதர்கள் என்று அவருக்கு ஆகிவிட்டது. என் பெண்ணை உங்கள் வீட்டில் கொடுப்பதற்குப் பதில் கிணற்றில் தள்ளலாம் என்றார் ஞானமுத்து. மீனை வைத்து நாற்காலி வாங்குகிற வீட்டில் நாங்களும் கை நனைக்கமாட்டோம் என்றார் பெரியப்பா. இருவரும் வெகுநேரம் கத்தினார்கள். நான் பெஞ்சிலிருந்து இறங்கிக் காலித் தவலையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாடகர் வரிசையில் நின்ற எஸ்தரின் முகம் கண்முன் வந்தது. இனி வெல்லமும் புளியும்தான் நமக்கு என்று வாசலுக்கு நடந்தேன்.

அப்போது அடுக்களையிலிருந்து வாசனை வந்தது. மல்லியும் புளியும் கொதிக்கிற வாசனை. எஸ்தரின் அம்மா சிக்கனக்காரர். ஆண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் விராலை ஆய்ந்து, வயிற்றில் இருந்ததை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, குழம்பைக் கூட்டிவிட்டார்.

எஸ்தர் ஒரு தட்டில் சோறும் குழம்பும் ஒரு துண்டு மீனும் போட்டு எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பெரியப்பாவைப் பார்த்து, "பெரியவரே, இத்த துண்ணுட்டா பேச்சு முட்ஞ்சாப்லதானே? அப்பால யாரும் மாற முடியாதுதானே?" என்று கேட்டாள்.

பெரியப்பா தலையை ஆட்டினார்.

ஞானமுத்து, "அதுக்குள்ளதான்டி துரை மீனு கீது" என்றார்.

"அதெல்லாம் அம்மா எட்த்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டைப் பிட்டு, முள்ளை ஒதுக்கி, வாயில் போட்டுக்கொண்டாள். நாங்கள் மூன்று ஆண்களும் அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கிவிட்டு, "நல்லா கீது" என்றாள்.

பெரியப்பா முதலில் உட்கார்ந்தார். நான் தவலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஞானமுத்து மட்டும் கடைசிவரை சாப்பிடவில்லை. துரை வரட்டும், என் நாற்காலி போனால் இந்தச் சம்பந்தமும் போயிற்று, வழக்கமாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டார்.

துரையின் கப்பல் வரும்வரை நான் தூங்கவில்லை. துரை வந்த அன்று ஞானமுத்து பாக்கியத்தை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுத் துணியால் மூடி ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாராம். நடந்ததை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். உள்ளே போனதும் துரை தலையை நிமிர்த்தாமல் தலைமைக் குமாஸ்தா காகிதத்தை இவர் பக்கம் தள்ளினாராம். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. இவருக்கு மனசாட்சி கேட்கவில்லை. ஜாடியை மேஜைமேல் வைத்து, தங்கள் மீன்கள் எல்லாம் போய்விட்டன, இது ஒன்றுதான் மிச்சம் என்று கண்ணீரோடு சொல்லியிருக்கிறார்.

துரை ஜாடியைப் பார்த்தாராம். "எந்த மீன்?" என்று கேட்டாராம்.

பங்களாவுக்கு வெள்ளையடிக்க இடைஞ்சலாக இருந்ததென்று தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அதோடு மறந்துவிட்டார். ஞானமுத்து அந்த ஜாடியோடு நேரே எங்கள் கடைக்கு வந்தார். கருப்பட்டி மூட்டைமேல் உட்கார்ந்து, "எந்த மீனுன்றாருப்பா" என்று பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். விரால் எல்லாவற்றையும் தின்றபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. பெரியப்பா அவருக்கு ஒரு டம்ளர் பானகம் கரைத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே எங்கள் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்தபிறகு எஸ்தரிடம் ஒருநாள் கேட்டேன், என்னிடம் எதைப் பார்த்து அவ்வளவு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று. ஏதாவது நல்லதாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "உங்கள எங்க பாத்தேன்?" என்றாள். "காத்தால எழுந்தா சாக்கடையாண்ட புழு பொறுக்கணும். அடுத்த தெரு கெணத்துலருந்து தண்ணி எட்த்துகினு வரணும், கொழாத் தண்ணி துரை மீனுக்கு ஆவாதாம். அதுங்க எப்படா ஒழியும்னு இருந்தேன். நீங்க வந்து ஒரே நாள்ல ஒழிச்சீங்க."

ஆக அவள் கட்டிக்கொண்டது விராலை. நான் தவலையோடு கூட வந்தவன்.

அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பார்க்கவே பிடிக்காமல் ஞானமுத்து அதைச் சீதனமாக எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், பாக்கியத்தோடு. புழுவெல்லாம் கிடையாது, எங்கள் வீட்டில் அதற்குச் சோற்றுப் பருக்கைதான். அரை வாலோடு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பல காலம் நீந்தியது. ஒருநாள் மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்தபோது, பெரியப்பா தொட்டிக்கு முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றவர், நான் சிரிப்பதைக் கண்டு எழுந்து போய்விட்டார்.

எங்களுக்கு மூத்தது பெண். பாக்கியம் செத்த வாரத்தில் பிறந்தாள். என்ன பெயர் வைக்கலாம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. ஞானஸ்நானத்தன்று போதகர் கேட்டபோது எல்லாரும் ஒன்றாகச் சொன்னோம்.

அந்தப் பாக்கியத்துக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், வெறும் பழமும் பூவும்தான் கொண்டுவந்தார்கள். (என் மாமனார் வாசலிலேயே நின்று ஒவ்வொரு தட்டையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்.) பேச்சுவாக்கில் சம்பந்தியம்மா, பாக்கியம் என்பது உங்கள் வீட்டில் எந்தப் பெரியவர் பெயர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"அவங்க துரை வூட்லருந்து வந்தவங்க" என்றார், என்னையே பார்த்துக்கொண்டு. "ஒரு பெரிய வெபத்துல அவங்க குடும்பமே போச்சு. அவங்க ஒருத்தங்கதான் தப்பிச்சாங்க. கடசி வரைக்கும் எங்ககூடதான் இருந்தாங்க."

சம்பந்தியம்மா உச்சுக்கொட்டினார். பிறகு என் மகளின் நிறத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். எங்கள் வம்சத்தில் ஒரு வெள்ளைக்காரி கலந்திருப்பதாக அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருப்பது எங்களுக்கு மெல்ல மெல்லத் தெரியவந்தது. மாப்பிள்ளை வீட்டில் அதற்காகவே எங்களுக்கு ஒரு தனி மரியாதை. அதைக் கெடுப்பானேன் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

சென்ற மாதம் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பேரக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும், அந்தப் பாக்கியம் அம்மாளின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் காலத்தில் அதெல்லாம் எடுக்கிற வழக்கமில்லை என்று சொன்னேன். எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சம்பந்தியம்மா எழுந்துபோய் அவள் முதுகைத் தடவி, அழாதீர்கள், போனவர்கள் போய்விட்டார்கள் என்று தேற்றினார்.